ஏலத்துக்கு வந்த ஆப்த நண்பர்

மனிதன் பிறக்கப் பத்து மாதம் ஆகும். ஆப்த நண்பர் பிறக்க அவ்வளவு நேரம் பிடிக்காது. ஊரில் கொஞ்சம் பெயர் சொல்லும்படியான ஆள் ஒருவர் கண்ணை மூடினால் போதும். மூடிய கண் இனித் திறக்காது என்று உறுதியானதும் இவர் பிறந்துவிடுவார், முழு வளர்ச்சியோடு, கரகரத்த தொண்டையோடு.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் 'அவர்' என்னும் இடத்தில் இவர் 'அவன்' என்பார். ஒரு செல்லப் பெயரும் வைத்திருப்பார்; அது இறந்தவருக்கே தெரியாது. கடைசியாகத் தன்னிடம்தான் பேசினான் என்பார். கடைசி வாரம் முழுக்க அந்த மனிதர் நினைவில்லாமல் கிடந்தாரே என்று கேட்டால்? கண்ணாலேயே பேசினானாம்.

எங்கள் தெருவில் அச்சகம் வைத்திருந்த ஒருவர், சம்பாதித்ததையெல்லாம் பழைய பந்தயக் கார்களில் கொட்டி, பதினொன்றைச் சேர்த்து, கொல்லைக் கொட்டகையில் அடைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பதினொரு சக்களத்திகளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தது போதும் என்று அவர் மனைவி ஏலத்துக்கு விட்டுவிட்டார்.

அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு மனக்குறை. வரிசையின் கடைசியில் நின்ற பச்சை வண்டி, வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கிளம்பியதில்லை. கார்களை இருபத்திரண்டு வருஷம் பராமரித்த மெக்கானிக்குக்கு அதன்மேல் தீராத ஆசை. என்றைக்காவது கிளப்பிவிடலாம் என்ற நம்பிக்கை. சும்மாவே கொடுத்துவிடலாம் என்றார் அந்த அம்மாள். கொழுந்தன்மார் ஒத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக் தன் சேமிப்போடு ஏலத்துக்கு வந்து நின்றார்.

நண்பரும் வந்தார். அழைத்தது யார்? யாருமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, நீல வண்டிக்கு நிறம் தேர்ந்தெடுத்தது தான் என்றும், வெள்ளை வண்டியை வாங்காதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டது தான் என்றும் ஒவ்வொன்றுக்கும் உரை சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வண்டிகள் போயின. பாதி தார்ப்பாய்க்குள் கிடந்த பச்சை வண்டிக்கு யாரும் கை தூக்கவில்லை, மெக்கானிக்கைத் தவிர. ஏலக்காரர் ஒருதரம் சொன்னார். ரெண்டுதரம் சொன்னார்.

நண்பர் எழுந்துகொண்டார்.

"இதுல என்ன பந்தயம் ஓட்டினான் தெரியுமா? பக்கத்துல நான் உக்காந்திருக்கேன். வளைவுல ரெண்டு சக்கரம் தரையில இல்ல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, செத்தா ரெண்டு பேரும் சேர்ந்தே சாவோம்டான்னான்."

அவ்வளவுதான். சரித்திரம் உள்ள வண்டி என்று ஓட்டல் முதலாளி கை தூக்க, டைல்ஸ் வியாபாரி அதற்கு மேல் தூக்க, விலை மெக்கானிக்கின் தலைக்கு மேலே பறந்தது. அவர் கையை இறக்கி, சுத்தமாக இருந்த விரல்களைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அந்தப் பந்தயத்துல நீங்க எங்கண்ணே உக்காந்திருந்தீங்க?"

"அவன் பக்கத்துலதாம்மா."

"அதுல ஒரு சீட்டுதானே இருக்கு."

அவரே தார்ப்பாயை இழுத்தார். ஒரே இருக்கை. அதிலும் ஒல்லியான ஆள் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டால்தான் உள்ளே நுழைய முடியும். வண்டி லாரியில் வந்தது, கொட்டகையை விட்டு நகர்ந்ததே இல்லை என்றும் அமைதியாகச் சொன்னார். ஓட்டல் முதலாளி பின்வாங்கினார். டைல்ஸ் வியாபாரி தான் கை தூக்கியது ஈ ஓட்டத்தான் என்றார். ஏலக்காரர் முதலிலிருந்து ஆரம்பித்தார். மெக்கானிக் சொன்ன விலைக்கே முடிந்தது. அவர் போய் வண்டியின் மூக்கில் உள்ளங்கையை வைத்தார்.

நண்பர் கூசிப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? டீ குடிக்கும்போது, சில விஷயங்களை அவன் வீட்டில் சொல்வதில்லை, பாவம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நாலு பேரிடம் வருத்தப்பட்டார். பிறகு மெக்கானிக்கின் தோளில் கை போட்டார்.

"இது உனக்குத்தான் வரணும்னு அவன் எங்கிட்ட சொல்லிட்டுத்தான்யா போனான்."

மெக்கானிக் தலையாட்டிவிட்டு, வண்டியைத் தெருவரை தள்ள ஒரு கை கொடுக்கச் சொன்னார். நண்பருக்கு அந்த நிமிஷமே இடுப்பு பிடித்துக்கொண்டது.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன தடவை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் நீங்களும் ஒரு கதை சொன்னீர்களே, அதில் இறந்தவர் எத்தனை வாக்கியத்தில் வந்தார், நீங்கள் எத்தனை வாக்கியத்தில் வந்தீர்கள்? நிதானமாக எண்ணிப் பாருங்கள். அப்போது அவர் மனைவி பக்கத்து அறையில் இருந்தாரா என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.