ஐந்து புகார்களில் ஏதேனும் மூன்று

பேரன்புக்குரிய மைத்துனரே, ஒன்பது கல்லூரிகளையும் நாற்பதாயிரம் மாணவர்களையும் ஒற்றைக் கையெழுத்தால் ஆளும் துணைவேந்தரே, வணக்கம்!

"அவையோரே, தாய்மார்களே" என்றுதான் முதலில் எழுதினேன். படிக்கப்போவது நீங்கள் ஒருவர்தான் என்பது அதன்பிறகே நினைவுக்கு வந்ததால் அடித்துவிட்டேன். மேடைப் பழக்கம், பொறுத்தருள்க. நான் நலம். உங்கள் அக்காள் நலம். உங்கள் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று, முதல் வகுப்பில் தேறி, உங்கள் கையாலேயே பதக்கம் பெற்ற உங்கள் மருமகளும் உடல்நலத்தில் குறைவின்றி இருக்கிறாள். ஆனால் அவளுடைய வேலை சென்ற வாரம் நூலிழையில் தொங்கியது. இழை அறுந்ததா, நின்றதா என்பதைப் பின்னால் சொல்கிறேன். அறுக்கக் கத்தி கொடுத்தவர் நீங்கள் என்பதை இப்போதே சொல்கிறேன். இது குற்றச்சாட்டு. இனிச் சான்றுகள்.

அவள் சேர்ந்த நிறுவனம் மின்தூக்கிகளைப் பராமரிப்பது. நான்காம் மாடியில் ஒரே நீளமான கூடம், ஆறு மேசைகள், சுவரெங்கும் சாவிக்கொத்துகள், எண்ணெய்க் கைரேகை படிந்த புகார்ப் பதிவேடு, ஓயாமல் அலறும் இரண்டு தொலைபேசிகள். மூன்று மாதம் தகுதிகாண் பருவம். அதன் முடிவில் மேற்பார்வையாளர் அம்மையார் சரி என்றால் வேலை நிலைக்கும். அந்த அம்மையார் காதில் பென்சிலும் கண்ணில் ஐயமும் எப்போதும் செருகியிருப்பவர். முதல் நாளே ஒரு விடுதியில் மின்தூக்கி பாதியில் நின்றது. அதைப் பற்றி அறிக்கை எழுதித் தருமாறு என் மகளிடம் கேட்டார். எழுதினாள், மைத்துனரே, பதினான்கு பக்கம் எழுதினாள்! முன்னுரை, வரையறை, வகைகள், பாகம் குறித்த படம், பயன்கள், முடிவுரை. தலைப்புகளுக்குக் கறுப்பு மையில் அடிக்கோடு, இருபுறமும் ஓரம், கூடுதல் தாள்களை வெள்ளை நூலால் கட்டி மேலே பக்க எண்ணிக்கை.

"இதுல லிப்ட்டு ஏன் நின்னுச்சுன்னு எங்கம்மா இருக்கு?" என்று அம்மையார் கேட்டிருக்கிறார்.

"பதினொண்ணாம் பக்கம் மேடம். 'காரணங்கள்'னு தலைப்புப் போட்டு எட்டுக் காரணம் எழுதியிருக்கேன்."

"எட்டா? நின்னது ஒரு லிப்ட்டுதானே?"

"ஏதாவது ஒண்ணு சரியா இருக்கும் மேடம்."

சிரிக்காதீர்கள். நான்கு ஆண்டுகள் அவளுக்கு மதிப்பெண் வாங்கித் தந்த முறை இதுதான். எட்டு எழுது, திருத்துபவர் தமக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார் என்று பழக்கியது எந்தப் பல்கலைக்கழகம்?

அடுத்த மேசையில் இருபது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு எப்படி முனகும் என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுச் சொல்லிவிடுவாராம். அவர் உதவ எண்ணி எட்டிப் பார்த்தபோதெல்லாம் என் மகள் இடக்கையை வளைத்துத் தாளை மறைத்திருக்கிறாள். "நான் யாரையும் பாத்து எழுதமாட்டேண்ணா, என்னையும் பாக்காதீங்க" என்றாளாம். அவர் பாவம், "இது பரீட்சை இல்ல தங்கச்சி, கதவுப் பூட்டு" என்றாராம். இவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறந்தால் வெளியேற்றம் என்பது உங்கள் தேர்வறைச் சட்டம். வாய் திறக்காவிட்டால் வெளியேற்றம் என்பது உலகத்தின் சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வாசலில்தான் ஆண்டுதோறும் ஆறாயிரம் பிள்ளைகளைப் பட்டச்சுருளோடு நிறுத்திவைத்து நிழற்படம் எடுக்கிறீர்கள்.

இவற்றையெல்லாம் அம்மையார் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தது. அன்று காலை பதிவேட்டில் ஐந்து புகார்கள். "இன்னைக்கு இத முடிச்சிடும்மா" என்று கொடுத்துவிட்டு அம்மையார் வெளியே போய்விட்டார். என் மகள் மூன்று புகார்களை மிக அழகாக முடித்தாள். வாடிக்கையாளர்களே பாராட்டினார்களாம். மற்ற இரண்டையும் தொடவே இல்லை. மாலை ஐந்து மணிக்குப் பேனாவை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள், விட்ட இரண்டில் ஒரு புகாருக்கு உரிய பல் மருத்துவர் தொலைபேசியில் கொதித்தார்: கன்னம் வீங்கிய நோயாளிகள் ஆறு மாடி ஏறி வந்து, வாயைத் திற என்றால் மூச்சுக்காகத் திறக்கிறார்கள் என்று.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நான் விசாரணை நடத்தினேன்.

"ஏன்டா கண்ணு, அந்த ரெண்டையும் ஏன் விட்டே?"

"அஞ்சுல எனக்கு நல்லாத் தெரிஞ்ச மூணை எடுத்துக்கிட்டேம்ப்பா. மீதி ரெண்டும் சாய்ஸ்ல விட்டேன்."

உங்கள் அக்காள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. என் மகளோ அழுதாள். "நாளைக்கு முடிவு சொல்றேன்னு மேடம் சொல்லிட்டாங்க. என்னை அனுப்பிடுவாங்க. பதக்கத்தைக் காட்டினா வேற எங்கயாவது எடுப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு எவரும் சிரிக்கவில்லை.

'கீழ்க்காணும் ஐந்தனுள் ஏதேனும் மூன்றனுக்கு விடையளிக்க' என்று எட்டுப் பருவங்கள், நாற்பத்தெட்டு வினாத்தாள்களில் அச்சிட்டுக் கொடுத்தவர் யார்? எந்தக் கட்டடத்தில், எந்த அலுவலகத்தில் இந்தச் சலுகை உண்டு? பேருந்து ஓட்டுநர் ஐந்து நிறுத்தங்களில் தமக்குப் பிடித்த மூன்றில் மட்டும் நிறுத்துவாரா? நாளை உங்களுக்கே ஒரு மருத்துவர், ஐந்து தையல் போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டுவிட்டுக் கத்தரியை வைத்துவிட்டால் பதக்கம் கொடுப்பீர்களா?

வியாழக்கிழமை காலை, மகளிடம் சொல்லாமல், சட்டைப்பையில் நான்கு பக்க உரையுடன் அந்த அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். தரைத்தளத்தில் மின்தூக்கிக்குள் நுழைந்தால் அங்கே அம்மையார் நின்றுகொண்டிருக்கிறார், காதில் அதே பென்சில். இன்னாரின் தந்தை என்று அறிமுகம் செய்துகொண்டேன். கதவு மூடியது, ஏறியது, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விசிறியும் நின்றது. பராமரிப்பு நிறுவனத்தின் சொந்த மின்தூக்கி! செவ்வாய்க்கிழமைப் பதிவேட்டில் என் மகள் விட்டுவைத்த இரண்டாவது புகார் இதுதான் என்பது அம்மையாருக்கு உடனே நினைவு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் விளங்கிற்று. ஓடிப்போக முடியாத அவை ஒன்று என் வாழ்நாளில் அன்றுதான் கிடைத்தது. உரையை எடுத்து முதல் பக்கத்தை முழங்கினேன்.

"ஐயா, மூச்ச மிச்சம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அம்மையார் அவசர அழைப்புப் பொத்தானை அழுத்தினார். ஒலிப்பெட்டியில் என் மகளின் குரல் வந்தது.

"எத்தன பேர் உள்ள இருக்கீங்க?"

"ரெண்டு பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு உங்கப்பா."

"எங்கப்பாவா? அங்க என்ன பண்றாரு?"

"பேசிக்கிட்டிருக்காரு."

அடுத்து அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. மின்தூக்கியின் வரையறையைச் சொல்லத் தொடங்குவாளோ என்று நடுங்கினேன். அப்போது ஒலிப்பெட்டி வழியே, சற்றுத் தொலைவிலிருந்து கேட்டது: "அண்ணா, இது எனக்குத் தெரியாதுண்ணா. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்."

அம்மையார் கண்களை மூடிச் சுவரில் சாய்ந்தார். "அப்பாடா! இந்த ஒரு வார்த்தைக்கு மூணு மாசமாச்சு" என்றார்.

மெக்கானிக் சொல்லச் சொல்ல, என் மகள் உச்சிமாடி இயந்திர அறையில் மின்சாரத்தை நிறுத்திக் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். பத்தொன்பதாம் நிமிடம் நாங்கள் வெளியே வந்தோம். முழங்கை வரை எண்ணெய்க் கறையோடு வந்து நின்றவளிடம் அம்மையார் அறிக்கை கேட்டார். அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தாள், நான்கே வரி: "மின்தூக்கி இரண்டாம், மூன்றாம் மாடிகளுக்கு இடையே நின்றது. கதவுப் பூட்டில் அழுக்கு. துடைத்தோம். செவ்வாய்க்கிழமையே புகார் வந்தது, நான் பார்க்கவில்லை."

அம்மையார் அதை இருமுறை படித்தார். "இந்தக் கடைசி வரிக்குத்தாம்மா வேலை. திங்கக்கெழமையிலேர்ந்து நீ பர்மனென்ட்டு" என்று காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒப்பமிட்டார். என் உரையின் மீதி மூன்று பக்கமும் சட்டைப்பையிலேயே திரும்பின. மைத்துனரே, என் மகள் தப்பித்தாள். அவள் பின்னால் வருகிற ஆறாயிரம் பேருக்கு எத்தனை அம்மையார்கள் மூன்று மாதம் காத்திருப்பார்கள்?

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பீர்கள். 'தகவல் தொடர்புத் திறன்' என்ற தாளைத் தூக்குங்கள், இடம் வரும். அதில் என் மகள் தொண்ணூற்று நான்கு. தொடர்புக்கான பன்னிரண்டு தடைகளையும் தலைகீழாக ஒப்பிப்பாள். தொலைபேசி மணி அடித்தால் முதல் வாரம் முழுவதும் பதிவேட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். இறுதியாண்டில் ஒரு பருவம் முழுதும் பிள்ளைகளைப் பணிமனைக்கும் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் அனுப்புங்கள். பெயருக்குச் சான்றிதழ் வாங்கிவரும் ஏற்பாடாக இருக்கக் கூடாது. அங்கே நாள்தோறும் வேலை பார்க்கிறவர் மதிப்பெண் போட வேண்டும். தேர்வில் ஒரு தாளாவது விருப்ப வினா இல்லாமல் இருக்கட்டும். அதில் பாதித் தகவலை மறைத்துவையுங்கள். மீதியை யாரிடம் போய் என்ன கேட்டாய் என்பதற்கு மதிப்பெண் கொடுங்கள். 'எனக்குத் தெரியாது' என்று எழுதியவனுக்குச் சுழியம் போடாதீர்கள். அடுத்த வரியில் என்ன எழுதியிருக்கிறான் என்று பாருங்கள். பத்து வரிக்கு மேல் போகும் அறிக்கைக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் ஆட்சிக்குழு கூடுகிறது. அன்றே தீர்மானமாக நிறைவேற்றுங்கள்!

"தம்பின்னு நெனச்சு எழுதுங்க, கூட்டம்னு நெனச்சு எழுதாதீங்க" என்று தோளுக்குப் பின்னாலிருந்து உங்கள் அக்காள் சொல்கிறாள். ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன். உங்கள் இல்லத்தரசியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவரும் கல்வியில் உயர்ந்து, அதையும் தாண்டி வாழ்வில் வெல்க என வாழ்த்துகிறேன். உங்கள் நாற்காலி நிலைத்து, நீங்கள் அதிலிருந்து அவ்வப்போது எழுந்து வெளியே பார்க்கும் பேறும் வாய்க்கட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: உறை தேடி அலமாரியைக் குடைந்த உங்கள் அக்காள் ஒரு பழைய தாளை எடுத்து என் முன்னே வைத்திருக்கிறாள். இரண்டாண்டுக்கு முன் நான் பேசிய உரையின் படி. இறுதியாண்டு மாணவர்கள் ஆறு மாதம் பணியிடங்களில் பயில வேண்டும் என்று நீங்கள் அறிவித்தீர்களாம். "எங்கள் பிள்ளைகள் அறிவு பெற வந்தவர்கள், எடுபிடி வேலைக்கு வந்தவர்கள் அல்லர்!" என்று உங்கள் நுழைவாயிலில் இருநூறு பெற்றோரைத் திரட்டி ஒன்றே முக்கால் மணி நேரம் நான்தான் முழங்கினேனாம். மறுநாள் நீங்கள் திட்டத்தைக் கைவிட்டீர்களாம். ஆயிரம் மேடை ஏறியவனுக்கு எல்லாம் நினைவில் நிற்பதில்லை. மீண்டும் படித்துப் பார்த்தேன். நடை சிறப்பு, கருத்து மட்டும் தவறு. "இப்பவும் இந்தக் கடுதாசிய அனுப்பத்தான் போறீங்களா?" என்கிறாள் உங்கள் அக்காள். அனுப்பத்தான் போகிறேன். அந்தத் திட்டத் தாள் உங்கள் மேசை இழுப்பறையில் எங்கேனும் கிடக்கும். தூசி தட்டி வெள்ளிக்கிழமை அவைமுன் வையுங்கள். நுழைவாயிலில் எவரேனும் ஒலிபெருக்கியோடு வந்தால் உடனே சொல்லியனுப்புங்கள். அவர்களுக்கு மறுமொழி சொல்ல நானே வருகிறேன். இழுப்பறையை இப்போதே திறவுங்கள்!