படித்துறைப் பாசம்

ஒருவன் தன் ஊரை முறைப்படி நேசிக்க வேண்டுமென்றால், அந்த ஊரிலிருந்து குறைந்தது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி வசிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் நான் கண்ட உண்மை இது. ஊரிலேயே இருப்பவர்களுக்கு ஊரை நேசிக்க நேரம் கிடைப்பதில்லை. ரேஷனில் சீமெண்ணெய் போடுகிறார்களா, பம்பு செட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டதா என்று அலைவதிலேயே பொழுது போய்விடுகிறது. ஆகவே அந்தப் பொறுப்பு முழுவதும் தமிழ்நாட்டை விட்டு வெளியேறியவர்கள் தலையில் விழுகிறது. நாக்பூரில் நாங்கள் அதைச் செவ்வனே செய்து வந்தோம்.

நாங்கள் என்றால் 'நாக்பூர் பொருநைச் சங்கம்'. பொருநை என்பது தாமிரபரணிதான். பொருநை என்றால் சங்கத்துக்கு ஒரு கனம் வருகிறது என்பதால் அப்படி வைத்தோம். அதன் செயலாளர் பட்டாபி என்கிற நான். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்தேன். தலைவர் இஸ்ரவேல் சார், பாளையங்கோட்டைக்காரர், மகாராஷ்டிரத்தில் இன்ஜினியராக இருந்து பதினேழு பாலங்களைக் கட்டி ஓய்வு பெற்றவர். துணைத் தலைவர் அம்பலவாணன். அந்தப் பதவிக்கு அவருடைய தகுதி, சொந்தமாக வீடியோ கேமரா வைத்திருந்தது.

மாதத்தின் கடைசி ஞாயிறு கூடுவோம். 'உலகிலேயே சுவையான நீர் தாமிரபரணி நீரே' என்று 1994-ல் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். ஆதரவு அறுபத்திரண்டு. எதிர்ப்பு இல்லை. நடுநிலை ஒருவர், அவர் சேலத்துக்காரர், போண்டாவுக்காக வந்தவர். குழந்தைகளுக்கு 'ஏலே' வகுப்பும் நடத்தினோம். "ஏலே, இங்கன வா" என்று ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் அதை நோட்டில் இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டார்கள்.

இப்படிப் பற்று செழித்திருந்த 1997 ஆகஸ்டில், ஊரிலிருந்து என் அக்கா ருக்குவின் கடிதம் வந்தது.

எங்கள் ஊர் புன்னைமங்கலம், ஏரலுக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. பஸ் போகிற சாலையும் ஹைஸ்கூலும் அக்கரையில். நடுவில் ஆறு. கோடையில் நடந்து கடக்கலாம், மற்ற நாளில் தோணி. ருக்கு அந்த ஹைஸ்கூலில் தலைமையாசிரியை. அப்பா காலமானபின் வீடு அவள் பங்குக்கும், ஆற்றை ஒட்டிய தோட்டமும் படித்துறையும் என் பங்குக்கும் வந்திருந்தன. அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஆத்துல பாலம் கட்ட உத்தரவு வந்துடுத்து. பாதை உன் தோட்டத்து வழியா வரணுமாம். நாமளே இடத்தை எழுதிக் குடுத்தா தை மாசம் வேலை ஆரம்பிச்சுடுவா. இல்லேன்னா ஏழெட்டு வருஷம் இழுக்கும். உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.'

நான் என்ன அற்பனா, யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட? கடிதத்தைச் சங்கத்தின் அவசரக் கூட்டத்தில் வைத்தேன்.

இஸ்ரவேல் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "பாலமா? நம்ம ஆத்துலயா?" என்றார்.

"ஆமா சார்."

"கான்கிரீட்டா?"

"அப்படித்தான் இருக்கும்."

"இது சும்மா விடுத விஷயம் இல்ல, வே. அந்தத் தோணி, அந்தத் துடுப்புச் சத்தம், அந்தப் படித்துறை. இதெல்லாம் போச்சுன்னா நாம எதை நெனச்சு ஏங்குததுக்கு?"

பெண்கள் பக்கம் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் நாக்பூரிலேயே பிறந்தவர். பாலத்தை எதிர்ப்பது என்றும், மூவர் கொண்ட 'தூதுக்குழு' ஒன்று நேரில் சென்று ஊர்க்காரர்களுக்கு ஊரின் அருமையை எடுத்துரைப்பது என்றும் தீர்மானித்தோம்.

நவம்பர் மாதம் லீவு எடுத்துக்கொண்டு நானும் இஸ்ரவேல் சாரும் அம்பலவாணனும் போய் இறங்கினோம். தோணிக்காரன் பிச்சைக்கண்ணு எங்களை ஏற்றிக்கொண்டான். கேமராவுக்காக ஐந்து தடவை அக்கரைக்கும் இக்கரைக்குமாகத் துடுப்புப் போட வைத்தோம்.

"ஒரு பாட்டுப் பாடுமேன்" என்றார் அம்பலவாணன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாட்டா? எனக்கு மூச்சு வாங்குதது கேக்கலையா அண்ணாச்சி?"

"பாலம் வந்தா உம்ம தொழில் போயிருமே. அதுக்குத்தான் நாங்க போராடுதோம்" என்றார் இஸ்ரவேல் சார்.

பிச்சைக்கண்ணு துடுப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். "எதுக்கு சார்வாள் எனக்குப் போயிப் போராடுதிய? பாலத்துக்கு மொதக் கையெழுத்துப் போட்டதே நாந்தான். அங்கன பஸ் ஸ்டாப்புல ஒரு டீக்கடை போடுததா இருக்கேன். தோள்பட்டை ரெண்டும் போச்சு."

இந்தப் பகுதியை எடிட்டிங்கில் நீக்கிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தோம்.

கரை இறங்கும்போது, இளமையில் ஓடி விளையாடிய படி என்ற உரிமையில் இஸ்ரவேல் சார் வேகமாகக் காலை வைத்தார். அவர் இளமையில் ஓடி விளையாடியது பாளையங்கோட்டையில். சர்ரென்று மூன்று படி வழுக்கிப் போய் உட்கார்ந்தார்.

"பாசம் சார்வாள். பைய வாங்க" என்றான் பிச்சைக்கண்ணு.

சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டி எங்கள் கருத்தை விளக்கினோம். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் ருக்கு எழுந்தாள்.

"இந்தக் கரையிலேருந்து நாப்பத்தோரு குழந்தைகள் படிக்கறதுகள். வெள்ளம் வந்தா தோணி கிடையாது. அக்கரையில ஜெபகனி டீச்சர் இருக்கா. அவ குடையை ஒரு தரம் தூக்கினா ஒண்ணாம் நம்பர். இந்தப் பக்கம் அந்தக் குழந்தை கையை ஆட்டணும். ஆட்டினா பிரசென்ட் போடுவா. நாப்பத்தோரு தரம் குடையைத் தூக்குவா. கடைசியில நானும் கையை ஆட்டுவேன், எனக்கும் போடுவா." என் பக்கம் திரும்பினாள். "அட்டெண்டன்ஸ் சரி. அரையாண்டுப் பரீட்சையைக் கையை ஆட்டி எழுத முடியுமா பட்டாபி?"

"எவ்வளவு அழகான வழக்கம்" என்றார் இஸ்ரவேல் சார். "இது வேற எந்த ஊர்ல உண்டு?"

ருக்கு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போயிற்று. பிச்சைக்கண்ணு தோணியை இழுத்துப் புன்னை மரத்தில் கட்டிவிட்டான். எங்கள் ரயில் அதற்கடுத்த நாள்.

"வேற வழியே இல்லையா?" என்று அவனிடம் கேட்டேன்.

"இருக்கு. மேக்க ஒம்பது கிலோமீட்டர் குளத்துக்கரை வழியா நடந்தா பழைய பாலம் வரும். வழி பூரா முழங்கால் சேறு. போறியளா?"

நாங்கள் போகவில்லை. ஆக, இருபத்திரண்டு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்த ஊரில் இஷ்டப்பட்ட மட்டும் தங்கும் பாக்கியம் வாய்த்தது. முதல் நாள் மழையை ரசித்தோம். இரண்டாம் நாள் கரண்ட் இல்லை. அம்பலவாணனின் கேமரா பாட்டரி தீர்ந்தது. அவருக்கு அத்துடன் பண்பாட்டில் இருந்த நாட்டமும் தீர்ந்தது. ருக்கு செம்பில் கொடுத்த தாமிரபரணி நீரை இஸ்ரவேல் சார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதைக் கொதிக்க வெச்சுக் கொடுக்க முடியுமா, டீச்சர்?"

"கொதிக்க வெச்சதுதான்."

"இன்னொரு தரம்?"

மூன்றாம் நாள் காலை ஆற்றங்கரையில் குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். அக்கரையில் ஒரு கறுப்புக் குடை உயர்ந்து தாழ்ந்தது. ஒவ்வொரு கையாக ஆடியது. கடைசியில் ஐம்பத்து மூன்று வயதுத் தலைமையாசிரியை மழையில் நனைந்துகொண்டு கையை ஆட்டினாள். பாட்டரி இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. வேறு வருத்தம் ஏதாவது இருந்திருந்தால் நான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருப்பேன்.

அன்று பகலில் இஸ்ரவேல் சார் இளம் பிராயத்து ருசி என்று சொல்லி ஏழு அடை சாப்பிட்டார். நாலாம் நாள் விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டியது.

"பட்டாபி, இழுத்துப் பிடிக்கி வே" என்றார். அவர் குரலில் தலைவர் இல்லை.

அம்பலவாணன், "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ருக்குதான் ஓடிப்போய்ப் பிச்சைக்கண்ணுவைக் கூட்டிவந்தாள். அவன் ஒரு நிமிஷம் ஆற்றைப் பார்த்தான், ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தான். "கயித்துக் கட்டிலை எடுங்க டீச்சர்" என்றான்.

நாலு பேர் கட்டிலைத் தோளில் ஏற்றினார்கள். போன கூட்டத்தில் நாங்கள் ஊரின் அருமையை எடுத்துரைத்தோமே, அதே ஆட்கள்தான். முழங்கால் சேற்றில் ஒன்பது கிலோமீட்டர். ருக்கு பக்கத்திலேயே நடந்து அவர் முகத்துக்குக் குடை பிடித்தாள். நான் பின்னால் அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

பாதி வழியில் கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "பட்டாபி, ஆறு என்ன அகலம் இருக்கும்?"

"எதுக்கு சார்?"

"நூத்தி எம்பது மீட்டர்னு வச்சுக்கிட்டாலும் ஒம்பது தூண் போதும், வே. பெரிய வேலையே இல்ல. ஒரு வருஷத்துல முடிச்சிரலாம்." கண்ணை மூடிக்கொண்டார். "ஏன்தான் இவங்க இத்தனை நாளா கட்டாம இருக்காங்களோ."

கட்டிலின் ஒரு காலைச் சுமந்துவந்த பிச்சைக்கண்ணு தோள் மாற்றிக்கொண்டான்.

பழைய பாலத்தில் ஜீப் கிடைத்தது. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றுமில்லை, வாயு என்றார். ஒரு ஊசி போட்டார். அரைமணி நேரத்தில் இஸ்ரவேல் சாருக்கு உயிர் வந்தது. ஒரு காபி குடித்ததும் ஊர்ப்பற்றும் வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் எங்களை ஏற்றிவிட வந்த ருக்கு, பிளாஸ்டிக் பையில் மழை படாமல் வைத்திருந்த காகிதத்தை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள். புடவை இடுப்பு வரை சேறு.

"இப்பப் போடு பட்டாபி. நீயே பாத்துட்டே."

நான் இஸ்ரவேல் சாரைப் பார்த்தேன். அவர் பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சங்கத்துப் பொதுக்குழுவுல வெச்சுத்தான் அக்கா செய்யணும். நான் வெறும் செயலாளர்."

"உன் தோட்டம்டா அது."

"சட்டப்படி என்னுது. உணர்ச்சிப்படி எல்லாருக்கும் சேர்ந்தது."

அவள் பேனாவை மூடினாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. "சரி. ஜன்னலோரம் உக்காராதே, சாரல் அடிக்கும்" என்றாள். பஸ் திரும்பும் வரை அங்கேயே நின்றாள்.

நாக்பூரில் எங்களுக்கு வரவேற்பு. இஸ்ரவேல் சார் இரண்டு மணி நேரம் பேசினார். "அந்த எளிய மனிதர்கள் என்னைத் தோளில் சுமந்தார்கள். ஒன்பது கிலோமீட்டர்! பாலம் இருந்தால் ஜீப்பில் அல்லவா தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்? மனித உறவு என்ன ஆகியிருக்கும்?" சபை உருகியது. 'செயலாளர் தோட்டத்தின் ஒரு பிடி மண்ணையும் தருவதில்லை' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒன்பது தூண் விவரத்தை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. தலைவர் உடல்நலமில்லாதபோது சொன்னது கணக்கில் வராது. தீர்மானத்தின் நகலை அக்காவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் இல்லை. தீபாவளிக்குக்கூட இரண்டு வரி இல்லை. 1999 கடைசியில்தான் கடிதம் வந்தது.

ருக்கு தன் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டாளாம். சமையலறை, கூடம், மாட்டுக்கொட்டில் மூன்றையும் இடித்துப் பாதை விட்டார்களாம். மிஞ்சிய ஒரு அறையில் அவள் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாளாம். பாலம் முடிந்து பஸ் வந்துவிட்டது. பிச்சைக்கண்ணு கடை போட்டுவிட்டான். 'உன் தோட்டத்துல ஒருத்தரும் கை வைக்கலை. படித்துறையும் அப்படியே இருக்கு. பாலத்துல வர்ற குழந்தைகள் இது யாரோட இடம்னு கேக்கறதுகள். நம்ம ஊர் மேல உலகத்துலயே ரொம்பப் பிரியம் வெச்சிருக்கறவனோடதுன்னு சொல்றேன்.'

இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன பாராட்டு வேண்டும்? சங்கத்தில் உரக்க வாசித்தேன். கைதட்டல் அடங்கச் சில நிமிஷங்கள் ஆயின. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்று இஸ்ரவேல் சார் சொன்னார். அது மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். கடைசி வரி ஒன்றை நான் வாசிக்கவில்லை. என் தோட்டத்துக்கு வேலி போட ஆளில்லை, ஊர்க்குப்பை முழுக்க அங்கேதான் வந்து விழுகிறது என்பது எனக்கும் ருக்குவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

அந்த வரி இதுதான்: 'சொன்னதும் அதுகள் மேற்கொண்டு ஒண்ணும் கேக்கறதில்லை, மூக்கைப் பொத்திண்டு போயிடறதுகள்.'