மடைக்கு வந்த களிமண்

சார்லஸ் சொன்ன இந்த விவரத்தை ஜெபக்குமார் பல வருஷமாக முழுசாக நம்பவில்லை. அக்கா புருஷன் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஏதோ ஒன்று உறுத்தும். தன் புத்திதான் மந்தமோ என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொள்வார்.

நடந்தது இதுதான். அறந்தாங்கிப் பக்கம், கண்மாய்க்குக் கீழே சார்லஸுக்கு ஒரு வயல். நெல் கதிர் விடுகிற நேரம். கண்மாயில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வரவில்லை. மடை வாயை, வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய காட்டாமணக்குச் செடி அடைத்துக்கொண்டு நின்றது. கண்மாய் அரசாங்கத்துடையது ஆகையால், வெட்ட அனுமதி கேட்டு ஈரநிலத் தாவர நல்வாழ்வு அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரி சத்யபிரியா மனுவைப் படித்துவிட்டு வருத்தப்பட்டார்.

"வெட்டினா மறுபடி முளைக்குமே! செடிமேல தப்பில்லைங்க, மண்ணுமேலதான் தப்பு. மணல்ல வந்தேறிச் செடி ஜெயிக்கும், களிமண்ணுல நம்ம நாட்டுக் கோரை ஜெயிக்கும். ஆராய்ச்சியே சொல்லுது. ஒங்க மடைக்கு முன்னாடி என்ன மண்ணு?"

"மணலுங்க மேடம்."

"பாத்தீங்களா!"

"கதிரு வாடுதுங்க."

"அதுக்குத்தான் மண்ணை மாத்தப்போறோம்."

'மண்வழி நாட்டுத்தாவர மேம்பாட்டுச் செயலாக்கம்' உடனடியாகத் தொடங்கியது. நல்ல களிமண்ணைத் தேடி ஒரு குழு புறப்பட்டது. பிசைந்து பார்த்தது, உருட்டிப் பார்த்தது, முகர்ந்தும் பார்த்தது. கடைசியில் வட்டாரத்திலேயே தலைசிறந்த களிமண்ணை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. அது சார்லஸின் வயல் மண்.

"எல்லாம் ஒங்க வயலுக்காகத்தானே?" என்றார் சத்யபிரியா.

பக்கத்து வயல்காரர் பெரியண்ணன் முந்திக்கொண்டார். "ஊருக்கு நல்லது நடக்கறப்ப குறுக்க நிக்காத சார்லஸு. என் மண்ணைக் கேட்டிருந்தா அள்ளிக் குடுத்திருப்பேன்." அவர் வயலும் அதே களிமண்தான். அதை அவர் குழுவிடம் சொல்லவில்லை.

கதிரோடு சேர்த்து மண்ணை அள்ளினார்கள். காட்டாமணக்கைப் புதைத்து மேலே களிமண்ணைக் கொட்டினார்கள். அடுத்த மழையில் கோரை முளைத்தது. ஆராய்ச்சி பொய்க்கவில்லை. விழா எடுத்து மடையைத் திறந்தார்கள். தண்ணீர் துள்ளிக்கொண்டு வந்து, வயல் இருந்த பள்ளத்தில் தேங்கியது. ஊரே கைதட்டியது. சார்லஸுக்கு 'மண் ஈந்த செம்மல்' என்ற பட்டமும் ஒரு சால்வையும் கிடைத்தன.

தண்ணீர் நிற்பதால் அந்தப் பள்ளம் ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது. களிமண் போன பின் அடியில் மிஞ்சியது மணல். அதில் காட்டாமணக்கு செழித்து வந்தது.

போன மாதம் இலுப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் சார்லஸ் இதை மறுபடியும் சொன்னார். இலை போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நம்ம ஆபீசுங்க லட்சணம் இதுதான்!" என்று சாம்பார் வாளி வைத்திருந்தவரும் சேர்ந்துகொண்டார்.

ஜெபக்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"மச்சான், மடைக்கு முன்னாடி மொத்தம் எம்புட்டுச் செடி நின்னுச்சு?"

"ஏழெட்டுத் தூரு இருக்கும் மாப்ள. ஒரு ஆளு நின்னா அரை நாள் வேலை."

"அப்ப ஊர்ல ஒருத்தர் வீட்லகூடவா அரிவா இல்ல?"