பள்ளம் சார் தடுத்த பந்து

எதிரணி கோல் போட்டால்கூடக் கலங்காமல், பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால் மட்டும் வெலவெலத்துப் போகிற கால்பந்துப் பயிற்சியாளர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் கல்லூரியின் பள்ளம் சார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் மைதானத்தில் கட்டடம் எழுப்ப ஆரம்பித்ததால், அந்த வருடம் சனிக்கிழமைகளில் வெள்ளிமலைக்கு வேன் ஏறிப் பயிற்சி. அங்கே கிடைத்த மைதானத்துக்கு மூன்று பக்கம் தரை, நாலாவது பக்கம் ஒன்றுமில்லை. வணிகவியல் பேராசிரியனான நான் அணிக்கு மேலாளர். எனக்குக் கால்பந்து தெரியாது, எண்ணத் தெரியும். ஏறும்போது பதினாறு தலை, இறங்கும்போது பதினாறு தலை. வேலை அவ்வளவுதான். அதற்கே எனக்குத் தூக்கம் போயிற்று.

முதல் சனிக்கிழமையே பந்து நாலாவது பக்கம் போனது. தடுப்பாட்டக்காரன் சின்னதுரை அதன் பின்னாலேயே ஓடி, விளிம்பில் ஒரு புதரைப் பிடித்துத் தொங்கினான். தூக்கிவிட்ட பிறகு அவன் சிரித்தான். சார் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க அரை மணி ஆயிற்று. அன்றிலிருந்து பந்து எந்த ஓரத்துக்குப் போனாலும் ஒரே கூச்சல்: “பள்ளம்டா! பள்ளம்! உள்ள தள்ளு!” பெயர் அப்படித்தான் வந்தது.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் வேனை நிறுத்தி இறங்குவார். முன்னால் நடந்து போய்ப் பார்த்து, விசில் ஊதிய பிறகுதான் வேன் நகர வேண்டும். நானும் இறங்கிவிடுவேன். அவருக்குத் துணையாக என்று வெளியே சொல்லிக்கொள்வேன்.

“ரெண்டு பேரும் மேல வரிக்கும் நடந்தே வந்துடுங்களேன் சார். வேனுக்காவது வெயிட்டு கம்மியாவும்” என்பார் ஓட்டுநர்.

“பேசிக்கினே ஓட்டாத. ரோட்டப் பாருப்பா” என்பார் சார்.

இதில் விபரீதம் என்னவென்றால், நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். பந்தை வெளியே விடவே தெரியாத பையன்களிடமிருந்து யாராலும் அதைப் பறிக்க முடியவில்லை. மற்ற பயிற்சியாளர்கள் இது ஏதோ வெளிநாட்டு உத்தி என்று கைபேசியில் படம் பிடித்தார்கள். எட்டு ஆட்டம், எட்டு வெற்றி. ஒவ்வொரு வெற்றிக்கும் சார் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

“ஜெயிக்க ஜெயிக்க பசங்க ஜாஸ்தி ஓடறானுங்க சார். எங்க நிப்பானுங்கன்னே தெரியல.”

அவர் ஒப்பந்த ஊழியர். கோப்பை வந்தால் வேலையை நிரந்தரமாக்க எழுதுகிறேன் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கடைசி ஆட்டம் உளுந்தூர்பேட்டையில். சமன் ஆனாலே புள்ளிக் கணக்கில் கோப்பை எங்களுக்கு. ஆனால் ஒரு பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இடிந்து கிடந்தது. அதை ஒட்டியே நெடுஞ்சாலை. நான் லாரிகளை எண்ணத் தொடங்கி, நாற்பதில் பயந்து நிறுத்திவிட்டேன். சார் நேராகப் போய் அந்தக் கம்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“இங்க நிக்கக் கூடாதுங்க” என்று நடுவர் இரண்டு முறை விரட்டினார்.

“இதோ போய்க்கினே இருக்கேங்க” என்று நகர்ந்து, மறுபடி வந்து நின்றார்.

இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம்தான் எங்கள் கோல் கம்பம். ஆட்டம் முடிய ஒரு நிமிடம். இரு பக்கமும் கோல் இல்லை. எதிரணி அடித்த பந்து கம்பத்துக்கு நன்றாக விலகி வெளியே உருண்டது. விட்டால் கோப்பை. ஆனால் எங்கள் பையன்களுக்குத்தான் விடத் தெரியாதே! சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டு அதன் பின்னால் பறந்தான். கோடு, இடிந்த சுவர், சாலை. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

சார் கோட்டுக்குள் பாய்ந்தார். பந்தைக் காலால் மிதித்து நிறுத்தி, சின்னதுரையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பயிற்சியாளரே உள்ளே புகுந்து பந்தைத் தடுத்தால் எதிரணிக்குப் பெனால்டியாம். நடுவர் விசில் ஊதியதும் மைதானமே சிரித்தது.

“இன்னா சார் இப்பிடிப் பண்ணிட்டீங்க? பந்து வெளிய போய்க்கினு இருந்துச்சே!” சின்னதுரை அழுதான்.

“பந்து போனா போவட்டும். நீயும் கூடவே போய்க்கினு இருந்தியேடா.”

பெனால்டி கோல் ஆனது. அந்த வருடத்தின் ஒரே தோல்வி.

திரும்பும்போது எல்லோரும் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் எண்ணினேன். பதினாறு.

“சார், இன்னொரு வாட்டி எண்ணுங்க” என்றார் பள்ளம் சார், முன் சீட்டிலிருந்து. எண்ணிச் சொன்னேன். அப்புறம்தான் சாய்ந்து கண்ணை மூடினார்.

மறு வருடம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். கரியாலூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் பேருந்தில் மலையேறும்போது இன்றும் ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். முன்னால் யாரோ நடந்து போய் விசில் ஊதுகிறார் என்று நினைத்துக்கொண்டால்தான் திறக்க முடிகிறது.