நெகட்டிவ் வந்ததற்கு வாழ்த்திய விவகாரம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கே நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி மேலே போகிறேன். நீ போன வாரம் எங்கள் லேபில் கொடுத்துவிட்டுப் போன ரத்தத்தின் மஞ்சள்காமாலை ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அதுவரை கண்ணாடி முன்னால் நின்று கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதே.

விஷயம் வேறு. வெள்ளிக்கிழமை குடும்ப வாட்ஸப் குரூப்பில் நான் போட்ட செய்திக்கு முதல் ஆளாக நீ பூங்கொத்து அனுப்பியிருந்தாய். தயவுசெய்து அதை எடுத்துவிடு. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும், குரூப்பில் சொல்ல எனக்கு முகம் இல்லை, அதனால்தான் கடிதம்.

உன் மருமகள், அதான் என் பெண், ஐந்து வருடமாக எலி மூளையில் ஞாபகசக்தி பற்றி டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். 'எந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்' என்று கேட்டு நீ அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத் தெரியும். வேலை இதுதான்: ஒரு தொட்டித் தண்ணீர், அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. எலி நீந்தி அந்த மேடையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி தண்ணீரில் விட்டு, இடம் ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதி எலிக்கு ஞாபக மருந்து ஊசி, பாதி எலிக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. எதற்கு எது என்பது கடைசிவரை அவளுக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். வெள்ளிக்கிழமை அவளுடைய கைடு அந்த ரகசியப் பட்டியலைத் திறந்திருக்கிறார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒரே லட்சணத்தில் மறந்து தொலைத்திருக்கின்றன.

"அப்பா, ரிசல்ட் நெகட்டிவ்பா" என்று போனில் தேம்பினாள். மச்சான், நீயே சொல், முப்பத்தொரு வருடமாக ரத்தப் பரிசோதனை லேபில் குப்பை கொட்டுகிறவன் நான். எங்கள் ஜன்னலில் நெகட்டிவ் என்றால் ஜனங்கள் சந்தோஷத்தில் அழுவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு பஸ் டிரைவர் என் கன்னத்தில் முத்தமே கொடுத்திருக்கிறார். ஆகவே, "அடி சக்கை! எனக்கு அப்பவே தெரியும் கண்ணு! அழு, நல்லா அழு!" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணி, 'ஐந்து வருட உழைப்பு! மொத்தமும் நெகட்டிவ்! எல்லாரும் வாழ்த்துங்கள்' என்று குரூப்பில் போட்டேன். நாற்பத்திரண்டு பேர் வாழ்த்தினீர்கள். ஒருத்தருக்குமா தெரியவில்லை? நான் கேக் டப்பாவோடு வீட்டுக்குள் நுழைந்தால் உன் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தங்க. அஞ்சு வருஷம் வீணாப் போச்சுன்னு புள்ள அங்க அழறா, நீங்க கேக்கோட வந்து நிக்கறீங்க!" என்றாள்.

மறுநாள் நானே பயந்து பயந்து கூப்பிட்டேன். "விட்டுட்டு வந்துடறேன்பா. இதை எழுதி யாருக்குக் காட்ட, யார் படிப்பா?" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க லேபில நெகட்டிவுக்கும் அதே தாள்தான், அதே சீல்தான், நானும் அதே கையெழுத்துதான் போடறேன் கண்ணு" என்று உளறினேன். அதுவும் சொதப்பல்தான் என்று நினைக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கைடிடம் சொல்லிவிட்டு மூட்டை கட்டுகிறாளாம். தாய்மாமன் நீ, அதற்குள் உன் மருந்துக் கம்பெனியில் அவளுக்கு ஒரு வேலைக்குச் சொல்லிவை. எலி சம்பந்தமில்லாத வேலையாக இருக்கட்டும். குரூப்பில் மற்றவர்களையும் வாழ்த்தை வாபஸ் வாங்கச் சொல்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. எல்லாரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உன் அத்தான்

பி.கு: கவரை ஒட்டும்போது அவளிடமிருந்து போன். "அப்பா, நெகட்டிவ் ரிப்போர்ட் எதையாவது கிழிச்சுப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். "கிழிக்கறதா? வேலை போயிடும்மா!" என்றேன். "அப்ப நானும் கிழிக்கலை. உட்கார்ந்து எழுதப் போறேன். இதைப் பார்த்தா இன்னொருத்தி அதே மருந்தை வச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் எலியை நீந்த விடமாட்டா இல்ல?" என்றாள். கைடும் சரி என்றுவிட்டாராம். ஆகவே வேலை கேட்காதே. பூங்கொத்தை எடுத்திருந்தால் திரும்பப் போடு.

உன் ரிப்போர்ட்டும் இப்போதுதான் வந்தது. நெகட்டிவ். பயப்படாதே, இது எங்கள் லேப் நெகட்டிவ். கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன், கிழித்துவிடாதே.