மைனஸ் என்றால் பயப்படாதீர்கள், அத்தான்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு மைத்துனன் பணிவுடன் எழுதுவது. என் ரத்த அழுத்தம் நீங்கலாக இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்தையும் அக்காவின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல்.

என் பேச்சைக் கேட்டு, என் மருமகள் வேலை பார்க்கும் மின்விசிறி கம்பெனியின் பங்குகளில் தங்கள் ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டீர்கள். "வெச்சிருக்கலாமா, வித்துடலாமா, உங்க அக்கா பிடுங்கி எடுக்கிறா" என்று கேட்டிருந்தீர்கள். பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். பெருமையில் இருப்பவனுக்குச் சுருக்கமாக எழுத வராது.

நானும் கொஞ்சம் பங்கு வைத்திருப்பதால் கம்பெனியின் ஆண்டறிக்கை எனக்கு வந்தது. காலமெல்லாம் குடிநீர் மீட்டர் பார்த்தவனுக்கு எண் என்றால் என்ன பயம் என்று பிரித்தேன். 'நிதி திரட்டல் வழிப் பணப்புழக்கம்' என்று ஒரு பகுதி. போன வருஷம் ப்ளஸ் நாற்பது கோடி, இந்த வருஷம் மைனஸ் முப்பது கோடி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன், மைனஸ்தான். சாப்பிடும்போது மருமகளிடம், "என்னம்மா, கம்பெனி கவுந்துடுச்சா? விக்கலாமா?" என்றேன். "வீட்டுல வெச்சு அதெல்லாம் நான் சொல்லக் கூடாது மாமா. பங்குதாரர் கூட்டத்துல கேளுங்க, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றோம்" என்று மோரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

சரி, கூட்டத்திலேயே கேட்போம் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மைக் வந்ததும் எழுந்து, "போன வருஷம் நாப்பது கோடி வந்துச்சு, இந்த வருஷம் முப்பது கோடி போயிருக்கு. எங்கயோ குழாய் ஒழுகுது, எங்கன்னு தெரியாம நான் உட்கார மாட்டேன்" என்றேன். மண்டபமே கைதட்டியது. பின்னாலிருந்து ஒருவர், "விடாதீங்க பெரியவரே" என்றார். நான் எங்கே விடுவேன், அத்தான், எனக்குத்தான் சாமி வந்துவிட்டதே. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை நிதி அதிகாரியிடம் தள்ளினார். நிதி அதிகாரி யார், நம்ம மருமகள்தான்.

"மாமா, முதல்ல உட்காருங்க" என்று அவள் பழக்கதோஷத்தில் மைக்கிலேயே சொல்ல, மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரமானது. பிறகு சொன்னாள்: "போன வருஷம் வந்த நாப்பது கோடி நாம சம்பாதிச்சது இல்ல. பாங்கில வாங்கின கடன், புதுப் பங்கு வித்த பணம். அதனால ப்ளஸ். இந்த வருஷம் கடனை அடைச்சோம், உங்களுக்கெல்லாம் டிவிடெண்ட் குடுத்தோம். பணம் வெளிய போச்சு, அதனால மைனஸ். அடைச்ச பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. ஃபேன் வித்து வந்திருக்கு. திரும்பக் கடன் வாங்கி அடைச்சிருந்தா நீங்க கோபப்படறது நியாயம்."

எனக்குப் புரிந்துவிட்டது, அத்தான். கடன் வாங்கினால் பை நிறையும், அடைத்தால் பை இளைக்கும், இளைத்த பையைப் பார்த்து அழுகிறவன் அசடு. மண்டபம் இப்போது அவளுக்குக் கைதட்டியது. பக்கத்திலிருந்தவரிடம் "என் மருமக" என்றேன். அவர் கேட்காமலே இரண்டாவது தடவையும் சொன்னேன். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் அவள் திறமை யாருக்குத் தெரிந்திருக்கும்? வீட்டில் இதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

ஆகவே தாங்கள் கலங்க வேண்டாம். யார் என்ன சொன்னாலும் பங்குகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததிலிருந்து விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. அக்காவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும் சேரட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: தங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது பங்குக் கணக்கின் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்திருந்தீர்கள். கூட்டத்துக்குக் கிளம்புமுன், அந்த மைனஸைப் பார்த்த பயத்தில், என்னுடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அத்தானைக் காப்பாற்றுவோம் என்று தங்கள் பங்குகளையெல்லாம் விற்றுவிட்டேன். என்னுடையதை விற்க நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. இந்தப் பகுதியை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.