கக்கூஸ் சாவி, மாநில நெடுஞ்சாலை 317

“கக்கூஸ் சாவியக் குடுங்க.”

பேச்சிச்செல்வி கையை நீட்டியபடி நின்றாள். உதவிப் பொறியாளராக இந்த நெடுஞ்சாலைப் பிரிவு அலுவலகத்தில் சேர்ந்து பதினேழு நாள்தான் ஆகிறது. மாற்றலாகிப் போன பழைய பொறியாளர் ஜீப்புச் சாவியையும் பீரோ சாவியையும் மேசையில் வைத்துவிட்டு, “பின்னால தனியா ஒரு ரூம் நிக்குல்லா, அதுக்குச் சாவி சிவசுப்பிரமணியன்கிட்ட இருக்கு. அத மட்டும் கேக்காதீங்க. மத்தபடி நிம்மதியான ஆபீஸ்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சிவசுப்பிரமணியன் பேனாவை மூடினார். அந்த அலுவலகத்துக்கு எழுத்தரும் அவர்தான், தட்டச்சரும் அவர்தான், ஆயுத பூசைக்குப் பூசாரியும் அவர்தான். முப்பத்தொரு வருஷமாக அதே நாற்காலி.

“எந்தச் சாவி மேடம்?”

“கக்கூஸ் சாவி.”

“அது கக்கூஸ் இல்ல. பதிவறை.”

“கதவுல ‘பெண்கள்’னு எழுதியிருக்கே?”

“அது பழைய பெயிண்டு.”

பதினேழு நாளும் பேச்சிச்செல்வி சாலையைத் தாண்டி, எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஷெர்லியின் வீட்டுக்குத்தான் போய்வந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு உப்பேற்றிப் போகும் லாரியும் அங்கிருந்து நிலக்கரி ஏற்றி வரும் லாரியும் ஒன்றையொன்று முந்தும் சாலை அது. ஒவ்வொரு தடவையும் வெளியே போகும் பதிவேட்டில் ‘சாலை ஆய்வு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். தமிழ்நாட்டிலேயே இவ்வளவு தீவிரமாக ஆய்வு செய்யப்பட்ட முப்பது மீட்டர் வேறெங்கும் இருந்திருக்காது.

அந்த வழியும் இன்று காலை அடைபட்டுவிட்டது. மாநில நெடுஞ்சாலை 317 நான்கு வழியாகப் போகிறது. சாலையோர ஆக்கிரமிப்புகளை அகற்ற நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து பட்டியல் வந்திருந்தது. முதல் பெயரே ஷெர்லி. எட்டு மீட்டர் இடிக்க வேண்டும். கடை போகும், அடுப்படி போகும், அதற்குப் பின்னால் இருக்கும் கக்கூசும் போகும். நோட்டீசில் கையெழுத்துப் போடவேண்டியவள் பேச்சிச்செல்வி.

விஷயம் அவளுக்கு முன்னாலேயே சாலையைக் கடந்திருந்தது. பத்து மணிக்கு அவள் போய் நின்றபோது ஷெர்லி டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. நேற்றுவரைக்கும் ‘பிள்ள, பிள்ள’ என்று கூப்பிட்டவள்.

“வாங்க மேடம். நோட்டீஸ் குடுக்க வந்தியளா, ஒண்ணுக்குப் போக வந்தியளா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

பேச்சிச்செல்வி வந்த வழியே திரும்பிவிட்டாள். வழியில் அம்மாவைப் போனில் கூப்பிட்டது தப்பு. ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்பு வாரி அவளை இஞ்சினியருக்குப் படிக்கவைத்த அம்மா.

“ஏளா, இதெல்லாம் ஒரு கொறையா? நாங்க அளத்துல சாயங்காலம் வரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்காம அடக்கிட்டு நிக்கலியா? நீ ஃபேனுக்கு அடியில இருக்க. போன எடத்துல வாயப் பொத்திக்கிட்டு இரு.”

“நீ அடக்கினது போதும்மா” என்று போனை வைத்தாள். அந்தச் சூட்டோடுதான் நேராக எழுத்தர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“சரி, பதிவறைதான?” நீட்டிய கையை மடக்கி, ஒரு வெள்ளைத்தாளை இழுத்தாள். நான்கு வழிச்சாலைப் பணிக்காக மாநில நெடுஞ்சாலை 317-இன் முழு வரலாறும் தேவைப்படுவதால் பதிவறையை உடனே திறக்கவும் என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

சிவசுப்பிரமணியன் அதை நான்கு தடவை படித்தார். முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் எந்தக் கடிதத்திலும் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். இதில் ஒரு குறையும் அகப்படவில்லை. கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தார். அவர் முகம் மகளைக் கட்டிக்கொடுக்கிறவர் முகம்போல் இருந்தது.

கதவு திறந்ததும் வந்தது வேப்பிலை வாசம். தரையிலிருந்து கூரைவரை பதிவேடுகள். ஒவ்வொன்றும் பழைய வேட்டித்துணியில் சுற்றி, நூல் கட்டி, பெயர் எழுதி, குழந்தைகளை வரிசையாகப் படுக்கவைத்ததுபோல் அடுக்கியிருந்தன. அடியில் எங்கேயோ ஒரு பீங்கான் விளிம்பு எட்டிப் பார்த்தது.

“டிசம்பர் வெள்ளத்துல ஆபீசுக்குள்ள இடுப்பளவு தண்ணி, மேடம்” என்றார் சிவசுப்பிரமணியன். “எட்டு பீரோ ஃபைலும் கூழாப் போச்சு. இங்கன ஒரு சொட்டு ஏறல. எந்த மவராசன் கெட்டுனானோ, ஆபீசுக்கு ஆஸ்பெஸ்டாஸ், இதுக்குக் காங்கிரீட். மூணடி ஒசரத்துக்கு அடித்தளம் வேற.”

பேச்சிச்செல்விக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. ஒரே நொடிதான். “வெள்ளத்துரை அண்ணே, எல்லாத்தையும் தூக்கி ஆபீசுக்குள்ள வைங்க.”

சாலைப் பணியாளர் வெள்ளத்துரை எதையும் மூன்று தடவை செய்தால்தான் செய்ததாக ஒத்துக்கொள்கிறவர். அறுபத்து மூன்று பதிவேடுகளையும் மூன்று தடவை எண்ணிக் கொண்டுவந்து சேர்க்க மத்தியானம் ஆகிவிட்டது. அலுவலகத்தில் உட்கார ஒரு நாற்காலி மிஞ்சவில்லை. கக்கூஸ் கிடைத்தது, ஆனால் அதற்குத் தண்ணீர்க் குழாய் இல்லை. பேச்சிச்செல்வி கத்த வாயெடுத்தபோது, சிவசுப்பிரமணியன் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹேண்டில்பாரில் ஒரு புதுச் சிவப்பு வாளியும் கப்பும் தொங்கின.

“கலர் வேற இல்ல மேடம்” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வரலாறு கேட்டு எழுதிக்கொடுத்தாயிற்று, படிக்காமல் இருக்க முடியாது. அவள் நின்றுகொண்டே பிரித்தாள். படிக்கப் படிக்கக் கால் வலி மறந்துபோயிற்று.

முதலில் அது உப்பு வண்டித் தடம். பிறகு ஜில்லா போர்டு சாலை எண் 12. அறுபத்தேழாம் வருஷ ஐப்பசியில் வாய்க்கால் உடைந்து பாலத்தைக் கொண்டுபோனது. வண்டிகளை நிறுத்த முடியாதென்று பக்கத்துப் பனங்காட்டுக்குள் ‘தற்காலிக மாற்றுப்பாதை’ ஒன்று போட்டார்கள். பனங்காடு ஷெர்லி புருஷன் ஜேசுதாசனுடைய தாத்தாவுக்குச் சொந்தம். பாலம் கட்ட நிதி வரவேயில்லை. மாற்றுப்பாதைக்குத் தார் வந்தது. சாலைக்குப் புது எண் வந்தது, 48. ‘தற்காலிக மாற்றுப்பாதை வழியாக’ என்ற வார்த்தைகளும் கூடவே வந்தன. அடுத்து மாநில நெடுஞ்சாலை ஆகி 317 ஆனபோது, முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், பட்டியலைப் புதிதாகத் தட்டச்சு செய்தவர் அந்த மூன்று வார்த்தையையும் விட்டுவிட்டார். ஓரத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது. அன்றோடு பனங்காடு சர்க்கார் சாலை ஆகிவிட்டது. தாளின் அடியில் சின்னதாக, ‘தட்டச்சு: சி.சு.’

பேச்சிச்செல்வி நிமிர்ந்தாள். சி.சு. ஜன்னல் வழியாகப் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலைக்குச் சேந்த மொத வாரம் மேடம். தெரிஞ்சப்போ ரொம்பத் தூரம் போயிருச்சு. திருத்தச் சொல்லி எழுதினேன். அஞ்சு தடவ எழுதினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு அஞ்சு பதில் வந்துச்சு. நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா காட்டணும்லா? அதான் செல்லரிக்க விடாமப் பொத்திப் பொத்தி வச்சேன்.”

“கேட்டா ஏன் சாவியக் குடுக்கல?”

“எல்லாரும் கக்கூசுக்குல்லா கேட்டாவ? வரலாறு ஒருத்தரும் கேக்கலியே.”

அவள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். இந்தத் தடவை உண்மையான சாலை ஆய்வு.

“ஷெர்லியக்கா, உங்க கட ரோட்டுக்குள்ள வரல. ரோடுதான் உங்க காட்டுக்குள்ள வந்திருக்கு.”

ஷெர்லி பதிவேட்டிலிருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என் மாதாவே! இத்தன வருஷம் நாங்கள்லா பயந்து பயந்து கெடந்தோம்!” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏன் பிள்ள வாசல்லயே நிக்க? உள்ள போயிட்டு வா. கதவு தொறந்துதான் கெடக்கு” என்றாள்.

அதோடு விட்டிருந்தால் நல்லது. ஷெர்லி சந்தோஷத்தை ஆளுக்கொரு டீயோடு சேர்த்துக் கொடுத்தாள். மறுநாள் காலை அலுவலக வாசலில் அந்தப் பனங்காட்டில் பங்குள்ள பதினோரு பேர் நின்றார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் ஜேசுபாதம் எல்லாருக்கும் சேர்த்துப் பேசினார்.

“மேடம், எங்க நெலத்துல ஓடுத ரோட்ட எடுத்துக்கிட்டுப் போங்க. கோவமாச் சொல்லல, மொறையாச் சொல்லுதோம்.”

“எங்கண்ணே எடுத்துட்டுப் போவ?”

“அசல் ரோடு இருந்த எடத்துக்குத்தான். அது எங்கன இருக்குன்னு படத்துல போட்டிருக்கும்லா?”

நியாயமான கேள்வி. பேச்சிச்செல்வி வரைபடத்தை விரித்து, ஜில்லா போர்டு சாலை எண் 12-இன் மேல் விரலை வைத்து நகர்த்தினாள். வாய்க்கால் வந்தது, உடைந்த பாலம் வந்தது. அதற்கு மேற்கே ஒரு வளைவு வந்தது. விரல் அங்கே நின்றது. அவளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

பதினோரு பேரும் அலுவலகக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

“சமதளமா, வேலையத்து சும்மா கெடந்த எடம்” என்றார் பின்னாலிருந்து சிவசுப்பிரமணியன், மெதுவாக. “எழுவத்தஞ்சுல ஆபீஸ் கெட்டிட்டாவ.”

பதினொன்றரைக்கு உதவிக் கோட்டப் பொறியாளர் செந்தூர்வேல் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் வந்தால் உட்காரும் நாற்காலியில் ஜில்லா போர்டு பதிவேடு உட்கார்ந்திருந்தது. நின்றுகொண்டே விசாரித்தார், நின்றுகொண்டே வேர்த்தார்.

“ரோடு போடுற ஆபீசே ரோட்டை மறிச்சுக்கிட்டு நிக்குன்னா வெளிய தல காட்ட முடியுமா? அந்தப் பழைய ரோட்டோட கிலோமீட்டர் கல்லக் கொஞ்சம் மேக்க தள்ளி நட்டா என்ன?”

“நட்டா வளைவு பெருமாள் கோவிலுக்குள்ள போவும் சார்” என்றாள் பேச்சிச்செல்வி.

“சரி, 317-ங்கிற நம்பரத் தூக்கி வேற ரோட்டுக்குக் குடுத்திருவோம்.”

“குடுத்தா நாலு வழி நிதியும் அந்த ரோட்டுக்குப் போயிரும்.”

செந்தூர்வேல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “அளந்துதான் பாப்போமே. பாதிக் கட்டடமாவது நம்ம எடத்துல நிக்கும். வெள்ளத்துரை, டேப்ப எடும்.” வெள்ளத்துரை டேப்பை எடுத்துக்கொண்டு போனார். செந்தூர்வேல் குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரும்மா. நல்லாப் படிச்ச பிள்ள. ஒங்க வீட்டுலயே மொத பட்டதாரின்னு சொன்னாவ. இந்தப் புக்கையெல்லாம் திரும்ப அங்கேயே அடுக்கிப் பூட்டிருவோம். எதிர்க்கடைக்கு மட்டும் நோட்டீஸ் போவட்டும். ஒனக்குத் தனியா, புதுசா, டைல்ஸ் ஒட்டி, குழாயெல்லாம் வச்சு ஒரு லேடீஸ் டாய்லெட் சாங்ஷன் பண்ணுதேன். வெஸ்டர்னே வைப்போம்.”

டைல்ஸ். குழாய். பேச்சிச்செல்வி கண்ணை மூடினாள். பளபளவென்று அது தெரியத்தான் செய்தது. அதற்குப் பின்னால், வெயிலில் வாய் உலர்ந்து உப்பு வாருகிற அம்மாவும் தெரிந்தாள். பக்கத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகச் சொன்ன ஷெர்லியும் நின்றாள்.

அவள் ஒரு வெற்று நோட்டீஸ் படிவத்தை உருவினாள். ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற இடத்தில் தன் அலுவலகத்தின் பெயரை எழுதத் தொடங்கினாள். பேனாவை யாரோ மெல்லப் பிடித்தார்கள்.

“குடுங்க மேடம். கையால எழுதினா மதிக்க மாட்டாவ” என்றார் சிவசுப்பிரமணியன். “நான் டைப் அடிக்கேன். இந்தத் தடவ ஒரு வார்த்த விட மாட்டேன்.”

அவர் அடித்தார். கெடு ‘ஏழு நாள்’, ஆக்கிரமிப்பின் தன்மை ‘அலுவலகக் கட்டடம்’, அகற்றவேண்டிய அளவு ‘முழுவதும்’. ஓரத்தில் தாராளமாக இடம் விட்டிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டு, பசை தடவி, அலுவலகக் கதவிலேயே ஒட்டினாள். வெளியே பதினோரு பேரும் கை தட்டினார்கள். ஷெர்லி மட்டும் விசிலடித்தாள்.

பேச்சிச்செல்வி உள்ளே வந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். ஷெர்லிக்கு எழுதி வைத்திருந்த நோட்டீசை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டாள். மேசைமேல் கிடந்த கக்கூஸ் சாவியை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு, சிவப்பு வாளியையும் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏம்மா, நில்லும்மா!” செந்தூர்வேல் வாசல்வரை ஓடிவந்தார். “ஏழு நாள்ல இத இடிச்சா நாம எங்க உக்காந்து வேல பாக்க? இந்த ஊர்ல ஆபீஸ்னு சொல்லிக்கிட நமக்கு ஒரு அடி எடமாவது உண்டா?”

கட்டடத்தின் பின்பக்கமிருந்து டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்தார் வெள்ளத்துரை.

“உண்டு சார். மூணு தடவ அளந்துட்டேன். ரோட்டு எல்ல கக்கூஸ் செவத்தோட முடியுது. அது மட்டுந்தான் ஆபீஸ். சாவி அந்தா, மேடத்துக்கிட்ட போவுது.”